முதலில் உருவம், பிறகு புள்ளி: வாசகர் கேள்வி–பதில்

ஆஸ்திரேலியப் பழங்குடிப் பெண்களின் ஓவியங்கள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டோம். கீழே ‘மண்’ என்று வரும் இடமெல்லாம் அவர்கள் ‘கன்ட்ரி’ என்று சொல்வதைக் குறிக்கும். நிலம், நீர்ச்சுனை, செடிகொடி, விலங்கு, அங்கே நடந்த முன்னோர் கதை, அந்தக் கதைக்குரிய பாட்டு, அதைக் காக்கும் கடமை எல்லாம் அதில் அடக்கம்.

கேள்வி: இந்த ஓவியங்களைப் பார்த்தால் நம் புள்ளிக்கோலம்தான் நினைவுக்கு வருகிறது. இரண்டும் ஒரே வகைக் கலைதானா? (எம்.கே., பெர்த்)

பதில்: பார்வைக்கு ஒற்றுமை உண்டு, செய்முறை தலைகீழ். கோலத்தில் புள்ளி முதலில் விழும், கோடு அதைச் சுற்றிப் போகும். மத்திய ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில் வட்டமும் கோடும் முதலில் வரும். புள்ளி அந்தக் கோட்டின் கரையை ஒட்டியும் இடைவெளியை நிரப்பியும் கடைசியில் வரும்.

புள்ளி சடங்கிலிருந்து வந்தது. உடம்பில் பூசும் கோலங்களிலும், சடங்குத் தரையில் செடித் துகள்களைக் கொண்டு அமைக்கும் பெரிய சித்திரங்களிலும் அது இருக்கிறது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு மேற்கே உள்ள பப்புன்யாவில் 1971-இல் ஆண்கள் பலகைகளில் வரையத் தொடங்கியபோது, எல்லோரும் பார்க்கக் கூடாத வடிவங்கள் சிலவும் படத்தில் ஏறிவிட்டன. அக்கம்பக்கத்துப் பழங்குடியினரே இதை ஆட்சேபித்தார்கள். அதன் பிறகு புள்ளிப் பரப்பு ஒரு திரையாகவும் பயன்பட்டது.

பழங்குடி ஓவியம் என்றாலே புள்ளிதான் என்று எண்ணிவிட வேண்டாம். வடக்கே ஆர்னம் லேண்டில் மரப்பட்டையின்மேல் மயிரிழை போன்ற குறுக்குக் கோடுகள். வடமேற்கே கிம்பர்லியில் காவிமண்ணின் அகன்ற பரப்புகள். கடலோரத் தீவுகளிலோ முற்றிலும் வேறு.

கேள்வி: லாட வடிவ வளைவு என்றால் பெண், வட்டம் என்றால் தண்ணீர் என்று ஓர் அட்டவணை பார்த்தேன். அதை வைத்துக்கொண்டு எந்தப் படத்தையும் படித்துவிடலாமா? (எஸ்., மெல்போர்ன்)

பதில்: முடியாது. அந்த அட்டவணைகள் நினைவுப்பொருள் கடைகளுக்காகத் தயாரானவை.

லாட வளைவு, ஒருவர் மணலில் உட்கார்ந்து எழுந்தால் விழும் தடம். பக்கத்தில் ஒரு நேர்கோடும் ஒரு நீள்வட்டமும் இருந்தால் அவை தோண்டுகழியும் கூலமன் என்ற மரத்தட்டும். அப்போது அங்கே உட்கார்ந்திருப்பது பெண். இதுவரை அட்டவணை சரிதான். ஆனால் ஒன்றுக்குள் ஒன்றாக வரும் வட்டங்கள் சுனையாகலாம், குடியிருப்பாகலாம், அடுப்பாகலாம், தரைக்குள் விளையும் காளானாகவும் ஆகலாம். எது என்று முடிவுசெய்வது அந்தப் படத்துக்குரிய இடமும் கதையும்.

மத்திய ஆஸ்திரேலியப் பாலைநிலத்து வால்பிரி மக்களின் மினா மினா என்ற இடத்தை எடுத்துக்கொள்வோம். அவர்களுடைய ஊரான யுவெண்டுமுவுக்கு மேற்கே வெகு தொலைவில், களிமண் படுகைகள் நிறைந்த இடம். அங்கே தரையைப் பிளந்துகொண்டு தோண்டுகழிகள் எழுந்தன. முன்னோர் பெண்கள் அவற்றை ஏந்தி ஆடிக்கொண்டே கிழக்கு நோக்கிப் போனார்கள். இந்தக் கதையை வரையும்போது நேர்கோடுகள் தோண்டுகழிகள். நெளிகோடுகள் ஙால்யிப்பி என்ற கொடி. மரத்தட்டைத் தோளில் கட்டித் தூக்க அது பயன்படும். வட்டங்கள் அவர்கள் தோண்டித் தின்ற காளான். அட்டவணையை நம்பினால் காளானைச் சுனை என்று படித்துவிடுவீர்கள். இதே மினா மினாவை டாரதி நாபாங்கார்டி வெள்ளைப் புள்ளி வரிசைகளால் மட்டும் ஒரு வலைபோல வரைந்தார். காய்ந்த படுகையில் படிந்த உப்பு அது. 2001-இல் அவருக்குத் தேசியப் பழங்குடிக் கலை விருதைப் பெற்றுத் தந்தது அந்த ஓவியம். குறியீடு ஒன்றுகூட இல்லை. இடம் மட்டும் அப்படியே இருக்கிறது.

இன்னொன்று: இப்படங்களில் பலவற்றுக்கு மேல், கீழ் கிடையாது. தரையில் விரித்து நாற்புறமும் உட்கார்ந்து வரைவதால் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் படம் சரியாகவே இருக்கும்.

கேள்வி: பாலைநிலப் பெண் ஒருவர் தனக்குப் பிடித்த எந்தக் கதையையும் வரையலாமா? (ஆர்.ஜே., அடிலெய்டு)

பதில்: கூடாது. இந்தக் கலையின் மையமே அதுதான். படம் அழகாக இருக்கிறதா என்பது அவர்களுக்கு இரண்டாம் கேள்வி. இதை வரைய இவளுக்கு உரிமை உண்டா என்பதே முதல் கேள்வி.

வால்பிரி முறையில் ஒரு மண்ணுக்கு இரு வகைப் பொறுப்பாளர்கள். தந்தை வழியில் அந்த மண்ணும் ஜுக்குர்ப்பா எனும் முன்னோர் கதையும் யாருக்கு வருகிறதோ அவர்கள் கிர்டா. தாய் வழியில் தொடர்புடையவர்கள் குர்துங்குர்லு. சடங்கும் படமும் முறைப்படி நடக்கின்றனவா என்று கண்காணிப்பது இவர்கள் வேலை. கிர்டா வரைந்தால் குர்துங்குர்லு பார்த்துத் திருத்தலாம், ஆட்சேபிக்கலாம்.

இதற்குமேல் குலப்பிரிவுப் பெயர்கள் இருக்கின்றன. வால்பிரியில் எட்டுப் பிரிவுகள். ஒவ்வொன்றிலும் பெண்ணுக்கு ஒன்று, ஆணுக்கு ஒன்று என்று 16 பெயர்கள். பெண்களின் பெயர்கள் ‘நா’, ‘நு’ என்று தொடங்கும், ஆண்களுடையவை ‘ஜா’, ‘ஜு’ என்று: நாபாங்கார்டி–ஜாபாங்கார்டி, நாம்பிஜின்பா–ஜாம்பிஜின்பா. மினா மினா கதை நாபாங்கார்டி, நாபானங்கா பெண்களுக்கும் அதே பிரிவு ஆண்களுக்கும் உரியது. இந்தப் பெயர்களைக் குடும்பப் பெயராக எண்ணி ‘நாபாங்கார்டி சகோதரிகள்’ என்று எழுதும் பத்திரிகைகள் உண்டு. அந்தப் பெயருள்ள இருவர் ஒருவரையொருவர் பார்த்ததேகூட இல்லாமலிருக்கலாம்.

நெடுங்கதைகளில் உரிமை பகுதி பகுதியாகப் பிரிந்திருக்கும். ஏழு சகோதரிகளின் கதை மேற்கிலிருந்து பாலைநிலம் முழுவதும் நீள்கிறது. ஒருவன் துரத்த, தப்பியோடும் பெண்கள் கடைசியில் வானத்தில் கார்த்திகை நட்சத்திரக் கூட்டமாகிறார்கள். அவர்கள் நின்ற ஒவ்வொரு சுனைக்கும் தனிப் பொறுப்பாளர்கள். தெற்கு ஆஸ்திரேலியாவின் வடமேற்கு மூலையில் உள்ள அனங்கு பிட்ஜன்ஜாஜாரா நிலத்தைச் சேர்ந்த கென் குடும்பத்துச் சகோதரிகள் இதைச் சேர்ந்து வரைந்து 2016-இல் வின் பரிசு வாங்கினார்கள். அந்தப் பரிசு ஆஸ்திரேலிய நிலக்காட்சி ஓவியத்துக்கு உரியது என்பதைக் கவனியுங்கள்.

உரிமை மீறப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1994-ஆம் ஆண்டுக் கம்பள வழக்கு சாட்சி. ஆர்னம் லேண்டின் யோல்ங்கு மக்களைச் சேர்ந்த ஓவியர் பண்டுக் மாரிகா உள்ளிட்டோரின் படங்களை அனுமதியின்றி வியட்நாமில் கம்பளமாக நெய்து ஆஸ்திரேலியாவில் விற்றார்கள். புனிதச் சுனையின் சித்திரத்தைக் காலால் மிதிப்பது ஒரு பக்கம். படத்தைக் காக்கத் தவறினாள் என்று தன் குலத்தாரிடம் ஓவியர் பழி சுமக்க வேண்டி வருவது இன்னொரு பக்கம். நஷ்ட ஈட்டை முடிவுசெய்தபோது நீதிமன்றம் இந்தப் பண்பாட்டுத் தீங்கையும் கணக்கில் எடுத்துக்கொண்டது.

கேள்வி: இறந்த ஓவியரின் பெயரைச் சொல்லக் கூடாது என்கிறார்களே, நூல்களில் பெயர் இருக்கிறதே? (பி., டார்வின்)

பதில்: அண்மையில் இறந்தவரின் பெயரை ஊருக்குள் உச்சரிப்பதில்லை. அதே பெயருள்ள உயிரோடிருப்பவரையும் ‘குமஞ்ஜாயி’ போன்ற மாற்றுப் பெயரால் அழைப்பார்கள். எவ்வளவு காலம் என்பதைக் குடும்பம் முடிவுசெய்யும். அருங்காட்சியகங்கள் குடும்பத்தின் சம்மதத்தோடு பெயரையும் புகைப்படத்தையும் வெளியிடுகின்றன. வாசலில் எச்சரிக்கைப் பலகை வைப்பதும் இதற்காகத்தான். ஊர்ச் சமூகம் நடத்தும் கலை மையம் ஒன்றுக்குப் போனால், யார் பெயரையும் நீங்களாக எடுக்காமல், அவர்கள் சொல்லும் பெயரையே சொல்லுங்கள்.

கேள்வி: ஆண்கள் தொடங்கிய கலையில் பெண்கள் பின்னால் வந்து சேர்ந்தார்கள் என்பது சரியா? (டி.எல்., கான்பெரா)

பதில்: கேன்வாஸ் கணக்கை மட்டும் பார்த்தால் அப்படித் தோன்றும். பெண்கள் வரையாத காலம் என்று ஒன்று இல்லை. விரலால் மணலில் கோடிழுத்துக் கதை சொல்லி, கையால் அழித்து, அடுத்த காட்சியைத் தொடங்குவது வால்பிரிப் பெண்களின் அன்றாடம். ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடகிழக்கே உள்ள உட்டோபியாப் பக்கம் ‘அவெல்ய’, யுவெண்டுமுவில் ‘யவுல்யு’ எனப்படும் பெண்கள் சடங்கில் மார்பிலும் தோளிலும் மேற்கையிலும் காவிமண்ணைக் கொழுப்போடு குழைத்துக் கோடுகள் பூசுவார்கள். உட்டோபியாவைச் சேர்ந்த எமிலி கேம் இங்வாரேயின் பிற்காலப் பட்டைக்கோட்டு ஓவியங்கள் நேராக அந்தப் பூச்சிலிருந்து வந்தவை.

சந்தைக்கு வந்த வரிசை ஊருக்கு ஊர் வேறு. தெற்கு ஆஸ்திரேலியாவின் எர்னபெல்லாவில் 1948-லேயே பெண்களின் கைவினை அறை தொடங்கியது. உட்டோபியாவில் 1977-இல் பெண்கள் மெழுகுச் சாயத் துணி செய்யக் கற்றார்கள். 1988–89 கோடையில்தான் அக்ரிலிக்கும் கேன்வாஸும் அவர்கள் கைக்கு வந்தன. எமிலிக்கு அப்போது எழுபதைத் தாண்டிய வயது. அதன்பின் 1996-இல் இறக்கும்வரை எட்டு ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான படங்கள். யுவெண்டுமுவில் 1980-களின் முற்பகுதியிலேயே பெண்கள் விற்பனைக்கு வரைந்தார்கள். அங்கே வார்லுகுர்லாங்கு மையம் 1985-இல் அமைந்தது. மேற்குப் பாலைநிலத்துப் பிண்டுபிப் பெண்கள் கணவர்களின் படங்களில் புள்ளி நிரப்பிக்கொண்டிருந்துவிட்டு, 1990-களின் நடுவில்தான் சொந்தப் பெயரில் வரையத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான மக்கிண்டி நாபானங்கா 2008-இல் தேசியப் பழங்குடிக் கலை விருது பெற்றார். உண்மையில் இன்று பல மையங்களைத் தாங்கி நிற்பது பெண்களின் உழைப்புதான்.

கேள்வி: நானும் அக்ரிலிக் பயன்படுத்துபவள். அவர்கள் வேலை செய்யும் முறையைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா? என் புள்ளிகள் எப்போதும் பரவிவிடுகின்றன. (கே.வி., பிரிஸ்பேன்)

பதில்: மையத்துப் பணியாளர்கள் லினன் துணியை அளவுக்கு வெட்டி, அடிப்பூச்சு கொடுத்து, அதன்மேல் கறுப்போ செம்பழுப்போ ஒரே நிறமாகப் பூசித் தருவார்கள். இந்த அடி நிறம் கடைசிவரை புள்ளிகளுக்கிடையில் தெரியும் என்பதால் திட்டுத்திட்டாக இருக்கக் கூடாது. துணியைத் தரையில் அல்லது தாழ்ந்த மேசையில் விரிப்பார்கள். பெரிய துணியென்றால் அதன்மேலேயே உட்கார்ந்து, நடுவை முடித்துக்கொண்டு வெளிப்பக்கம் நகர்வதும் உண்டு. முதலில் இடங்களும் வழித்தடங்களும், அடுத்து அவற்றின் கரைக்கோடு, பிறகு புள்ளி.

புள்ளிக்குக் குச்சியின் முனையோ தூரிகைக் காம்பின் அடியோ போதும். சாயத்தின் பதம்தான் எல்லாம். குச்சியை எடுத்தால் நுனியில் ஒரு மணிபோல் நிற்க வேண்டும். தானாகச் சொட்டினால் தண்ணீர் அதிகம். அப்படி நீர்த்த புள்ளி பரவும், காயும்போது நடுப்பகுதி அமுங்கி ஓரம் மட்டும் வளையமாக நிற்கும். சாயத்திலுள்ள பிசினும் நீர்த்துவிடுவதால் நாளடைவில் பொடியாக உதிரும். உங்கள் சிக்கல் இதுவே. மாறாக, சாயம் கெட்டியாக இருந்தால் குச்சியை எடுக்கும்போது கூர்மையான முனை எழும்பும். அந்த முனையில் தூசி ஒட்டும், சுருட்டும்போது அதுவே முதலில் உடையும். ஒரு தோய்ப்புக்கு ஒன்றிரண்டு புள்ளிகளுக்குமேல் வைத்தால் அளவு சிறுத்துக்கொண்டே போகும். ஈரப் புள்ளியின்மேல் இன்னொரு நிறப் புள்ளி வைத்தால் இரண்டும் கலங்கும், காய விடுங்கள்.

பாலைநிலத்தில் இதற்கும் மேலே வானிலைத் தொல்லை. கோடையில் கிண்ணத்திலேயே சாயம் ஆடை கட்டும். குளிர்கால இரவுகள் உறைநிலைக்கும் கீழே போகும். சுமார் 10 டிகிரிக்குக் கீழே அக்ரிலிக் ஒழுங்கான படலமாக இணையாது, வெடிக்கும். வெயில் ஏறிய பிறகு வேலையைத் தொடங்குவது நல்லது.

எமிலி இந்த ஒழுங்கையெல்லாம் ஓரமாக வைத்தவர். தூரிகை மயிரை ஒட்ட நறுக்கி, சாயத்தில் அமுக்கித் தோய்த்து, துணியில் குத்திக் குத்தி வரைந்தார். ஒரே குத்தில் இரண்டு மூன்று நிறம் விழும். 1995-இல் வரைந்த கிழங்குக் கதைப் பெரும்படம், ஏறக்குறைய 3 மீட்டருக்கு 8 மீட்டர், கறுப்புத் துணியில் வெள்ளைக் கோடு மட்டும். தரைக்கடியில் கிழங்கின் வேர் ஓடுவதும், கிழங்கு முற்றும்போது மேலே மண் வெடிப்பதும் அந்தக் கோடுகளில் இருக்கின்றன. அவர் பெயரிலுள்ள ‘கேம்’ அந்தக் கிழங்குச் செடியின் விதை.

கிம்பர்லியில் வார்முன் பக்கம் இன்னும் காவிமண்தான். கல்லை அரைத்து, தண்ணீரும் பசையும் சேர்ப்பார்கள். பசை குறைந்தால் விரலில் ஒட்டிக்கொண்டு வரும். கூடினால் மண்ணின் மங்கல் போய்ப் பளபளக்கும், நிறமும் கறுக்கும்.

கேள்வி: சொந்த மண்ணிலிருந்து பெயர்க்கப்பட்டவர்கள் எதை வரைவார்கள்? (வி., சிட்னி)

பதில்: அதே மண்ணைத்தான். கார்பென்டாரியா வளைகுடாவிலுள்ள பென்டிங்க் தீவின் காயாடில்ட் மக்களை 1948-இல், புயலும் கடல் பொங்கலும் குடிநீரைக் கெடுத்தபின், மார்னிங்டன் தீவுக்குக் கொண்டுபோனார்கள். அவர்களில் ஒருவர் சாலி கபோரி. 2005-இல், எண்பது வயதை ஒட்டி, முதன்முதலாகத் தூரிகை எடுத்தார். புள்ளி இல்லை, குறியீடு இல்லை, அவர் மக்களுக்குக் கேன்வாஸ் மரபும் இல்லை. அகன்ற தூரிகையில் வெள்ளை, இளஞ்சிவப்பு, மஞ்சள் பரப்புகள். ஆனால் தலைப்புகளைப் பாருங்கள்: தந்தையின் இடம் துண்டி, கணவரின் இடம் டிபிர்டிபி, தான் பிறந்த மிர்டிடிங்கி. கல்லடுக்கிக் கட்டிய மீன்பட்டிகள் வளைகோடுகளாக வருகின்றன. 2015-இல் இறக்கும்வரை இந்தச் சில இடங்களையே மீண்டும் மீண்டும் வரைந்தார்.

கேள்வி: ஓவியத்தை நில வழக்கில் சாட்சியாகக் காட்டினார்கள் என்பது கதையா, உண்மையா? (என்.எஸ்., பெர்த்)

பதில்: உண்மை. கிரேட் சாண்டி பாலைவனத்தின் ஙுராரா மக்கள் 1997-இல், பெண்களும் ஆண்களுமாகச் சேர்ந்து, சுமார் 8 மீட்டருக்கு 10 மீட்டர் துணியில் தங்கள் சுனைகளை வரைந்தார்கள். பூர்வீக உரிமைத் தீர்ப்பாயத்தார் முன் அதைத் தரையில் விரித்து, ஒவ்வொருவரும் தன் சுனையின்மேல் போய் நின்று தன் மொழியில் பேசினார். உரிமை 2007-இல் உறுதியானது. கிரேட் விக்டோரியா பாலைவனத்து ஸ்பினிஃபெக்ஸ் மக்கள் 1950-களின் அணுகுண்டுச் சோதனைக் காலத்தில் மண்ணைவிட்டு அகன்றவர்கள். அவர்களும் இதே வழியில், பெண்கள் ஒரு துணி, ஆண்கள் ஒரு துணி என்று தனித்தனியாக வரைந்தார்கள். ஏனென்றால் பெண்களுக்குரிய இடங்களை ஆண்கள் வரையக் கூடாது. அவர்களுக்கு 2000-இல் உரிமை கிடைத்தது.

கேள்வி: ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போகும்போது ஒரு படம் வாங்க ஆசை. ஏமாறாமல் வாங்குவது எப்படி? (பலர்)

பதில்: முடிந்தால் சமூகத்துக்குச் சொந்தமான கலை மையத்திலேயே வாங்குங்கள். விற்பனைத் தொகையில் பெரும்பாலும் பாதியோ அதற்குச் சற்று மேலோ ஓவியருக்குப் போகும். மீதி துணி, சாயம், மையச் செலவு. முன்பே எழுதியோ தொலைபேசியிலோ கேட்டுவிட்டுப் போங்கள். சில ஊர்களுக்கு நுழைவு அனுமதி வேண்டும். ஊரில் ஒரு சாவு விழுந்தால் மையமே மூடியிருக்கும்.

மையச் சான்றிதழில் ஓவியர் பெயர், மொழிக் குழு, படத்தின் கதை, அளவு, ஊடகம், ஆண்டு, பட்டியல் எண் இருக்க வேண்டும். அதே எண் துணியின் பின்புறமும் எழுதப்பட்டிருக்கும், இரண்டையும் ஒத்துப்பாருங்கள். ஓவியர் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் புகைப்படத்தை ஆதாரம் என்று நீட்டுவார்கள். அதை நம்ப வேண்டாம். அந்தப் படத்தை அவர் வரைந்தார் என்பதையோ, முழுக்கூலி பெற்றார் என்பதையோ அது காட்டாது. தனியார் கூடமென்றால் பழங்குடிக் கலை நெறிமுறைக் குழுவில் உறுப்பினரா என்று கேளுங்கள், ஓவியருக்கு எப்படிப் பணம் தரப்பட்டது என்றும் கேளுங்கள். நல்ல கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார். பூமராங், தேநீர்க் கோப்பை வகைச் சரக்கில் பாதிக்குமேல் போலி என்பது ஆஸ்திரேலிய உற்பத்தித்திறன் ஆணையத்தின் 2022 அறிக்கையின் கணிப்பு.

மறுவிற்பனைக்கு 2009-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. நடைமுறைக்கு வந்தது 2010 ஜூன் 9. கலைச்சந்தை வழியாக 1,000 டாலரோ அதற்கு மேலோ மறுவிற்பனை ஆனால் 5 சதவீதம் ஓவியருக்கு. இறந்தபின் 70 ஆண்டுவரை வாரிசுகளுக்கு. அந்தத் தேதிக்கு முன் வாங்கிவைத்திருந்த படமென்றால் அதன்பின் நடக்கும் முதல் விற்பனைக்கு இது பொருந்தாது. பழைய, மதிப்புமிக்க படத்தை நாட்டைவிட்டு எடுத்துச்செல்ல 1986-ஆம் ஆண்டுப் பண்பாட்டுப் பொருள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அனுமதி தேவைப்படலாம். பணம் கொடுக்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பள்ளியில் பிள்ளைகளை வைத்து ‘அபாரிஜினல் டாட் பெயின்டிங்’ செய்யலாமா? (ஆசிரியை ஒருவர், மெல்போர்ன்)

பதில்: பொறுப்பாளர் இல்லாமல் அவர்கள் கதையையும் சின்னங்களையும் நகலெடுக்க வேண்டாம். உள்ளூர்ப் பழங்குடி ஓவியர் ஒருவரைக் கூலி கொடுத்து அழையுங்கள். முடியாவிட்டால், ஒரு படத்தை அதன் கதையோடு பார்க்கச் செய்துவிட்டு, வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியைத் தாங்களே உண்டாக்கிய குறிகளால் வரையச் சொல்லுங்கள்.

கேள்வி: சுருட்டிய நிலையில் வாங்கிய கேன்வாஸில் கொப்புளக் கொப்புளமாகத் தடம் விழுந்திருக்கிறது. என்ன செய்வது? (ஜி.ஆர்., சிங்கப்பூர்)

பதில்: குமிழி பிளாஸ்டிக்கை நேராகச் சாயத்தின்மேல் வைத்துச் சுருட்டியிருக்கிறார்கள். அக்ரிலிக் காய்ந்த பிறகும் வெப்பத்தில் இளகும், அழுத்திய வடிவத்தை வாங்கிக்கொள்ளும். அந்தத் தடத்தை வீட்டில் தேய்த்தோ இஸ்திரி போட்டோ போக்க முயன்றால் புள்ளிகள் நசுங்கும். துணியை இழுத்துச் சட்டமடித்தபின் சற்றுக் குறையலாம். மீதிக்கு ஓவியப் பாதுகாப்பு வல்லுநர்தான் வேண்டும்.

இனிச் சுருட்டினால் சாயப் பக்கம் வெளியே இருக்கட்டும். உள்ளே வைத்தால் புள்ளிகள் ஒன்றையொன்று நெருக்கி விளிம்பில் உயர்ந்து கழன்றுவிடும். குழாயின் விட்டம் 10 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. அகலமானால் இன்னும் நல்லது. சாயத்தின்மேல் அமிலமற்ற மெல்லிய தாளோ சிலிகான் தடவிய தாளோ, பிறகுதான் குமிழி பிளாஸ்டிக். வந்து சேர்ந்ததும் விரித்துவிடுங்கள்.

சட்டமடிக்கும்போது ஓரம்வரை புள்ளி வந்திருந்தால் அதை மடித்துப் பக்கவாட்டில் தள்ளாமல், விளிம்பில் வேறு துணியை ஒட்டித் தைத்து இழுக்கச் சொல்லுங்கள். கண்ணாடி வேண்டாம். நேர் வெயில் படாத உட்சுவரில் மாட்டுங்கள். ஈரம் மிகுந்த ஊரில் பின்புறம் காற்றோட்டம் இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். தூசியை உலர்ந்த மென்தூரிகையால் மட்டும் தட்டுங்கள், ஈரத்துணி ஆகாது. காவிமண் படமென்றால் அதுவும் வேண்டாம், தொட்டாலே பொடி வரும். மரப்பட்டை ஓவியம் ஈரப்பதம் ஏறி இறங்கும்போது மீண்டும் மரத்தின் வளைவுக்கே திரும்பப் பார்க்கும். அதை ஆணியடித்துத் தட்டையாக்கினால் நீளவாக்கில் பிளந்துவிடும். அதன் வளைவோடேயே தாங்கும் கொக்கிகளில் வையுங்கள்.